இரண்டு வருஷம் ஜிம்முக்குப் போயும் நெல் மூட்டை கனக்கிறதே, ஏன்?

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். வயது 44, எடை 72 கிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர். அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கரில் குறுவையும் சம்பாவும் போடுகிறார். இரண்டு வருஷமாகப் பக்கத்து டவுனில் ஒரு ஜிம்முக்கு வாரம் ஐந்து நாள் போகிறார். அங்கே பயிற்சியாளர், 'உடம்புக்குப் பழகிவிட்டால் பலன் நின்றுவிடும்' என்று சொல்லித் தினமும் ஒரு புதுப் பயிற்சி கொடுப்பாராம். ஒரு மணி நேரத்தில் பனியனைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும், தொப்பை குறைந்தது, ஆறு கிலோ இறங்கியது, அவருக்கும் சந்தோஷம்.

இந்த ஐப்பசியில் குறுவை அறுத்து, ஈரம் போகச் சாலையோரம் நெல்லைக் காயப்போட்டிருந்தபோது வானம் கறுத்துவிட்டது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் பொதுவாக எடுக்க மாட்டார்கள் என்பது டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். கிடைத்த ஆட்களை வைத்துச் சாக்கில் அள்ளிக் கட்டி டிரெய்லரில் ஏற்ற ஆரம்பித்தார்கள். மூட்டை நாற்பது கிலோ இருக்கும். ஏழாவது மூட்டையில் இவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பக்கத்தில் அறுபதை நெருங்கும் ஒரு லோடுமேன் மூச்சு வாங்காமல் சுமந்துகொண்டே இருந்திருக்கிறார். 'அவர் ஒரு நாள்கூட ஜிம்மை மிதித்ததில்லை டாக்டர், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது' என்று எழுதுகிறார்.

அப்புறம் எம்ஆர்ஐ. முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் ஒன்று லேசாகப் பிதுங்கியிருப்பதாக அறிக்கை. பார்த்தவர்கள் எல்லோரும் 'இனி எடையே தூக்காதே' என்கிறார்கள். மூன்று மாத சராசரிச் சர்க்கரை 6.1, ரத்த அழுத்தம் 138/88. ஜிம் நண்பர் ஒருவர் 'ஊசி போட்டால் மூன்றே மாதத்தில் தேறிவிடலாம்' என்கிறார். மனைவி 'நடைப்பயிற்சி போதும், ஜிம்மை விடுங்கள்' என்கிறார். இரண்டு வருஷமும் வீணா, வயதாகிவிட்டதா, ஜிம்மை விடுவதா தொடர்வதா, இதுதான் கேள்வி. கடைசியில் மகனைப் பற்றியும் ஒரு கேள்வி வைத்திருக்கிறார்.

சார், முதலில் அந்த வெட்கத்தைப் பேசிவிடுவோம், ஏனென்றால் கடிதம் முழுக்க அதுதான் தெரிகிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், ஏழு மூட்டையையும் தனியாக, தரையிலிருந்து, கையால் பிடித்து நெஞ்சுயரத்துக்குத் தூக்கியிருக்கிறீர்கள். அந்தப் பெரியவர் அப்படியா செய்தார்? அடுத்த முறை கொள்முதல் நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மூட்டையைத் தூக்கிவிடுவார்கள், சுமப்பவர் முழங்காலை மடக்கி முதுகையோ தலையையோ அடியில் கொடுத்து வாங்கிக்கொண்டு, பாரம் நேராக இடுப்பு வழியாகக் காலுக்கு இறங்கும்படி குட்டைக் குட்டையாக அடி வைத்து நடப்பார். தரையிலிருந்து மூட்டை எழும்பும் அந்த மூன்று நொடிதான் முதுகுக்கு ஆபத்தான நேரம், அதை அவர் பெரும்பாலும் தனியாகச் செய்வதே இல்லை. நீங்கள் ஏழு தடவை செய்தீர்கள், அதுவும் மழைக்குப் பயந்து அவசரத்தில்.

இன்னொன்று. வேலையிடத்தில் பாரம் தூக்குவதற்கு அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எல்லாம் சாதகமாக இருக்கும்போதே, அதாவது பாரம் உடம்பை ஒட்டி, இடுப்புயரத்துக்குப் பக்கத்தில், நல்ல பிடியோடு இருக்கும்போதே, அதன்படி பரிந்துரைக்கும் வரம்பு 23 கிலோதான். நெல் மூட்டைக்குப் பிடி கிடையாது, உள்ளே நெல் ஓடும், தரையில் கிடக்கும், நாற்பது கிலோ வேறு. அது எந்த ஆம்பளையும் சாதாரணமாகத் தூக்கிவிட வேண்டிய எடை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது தவறு.

அந்தப் பெரியவரை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம் என்று சொல்வேன். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, அதனால்தான் சொல்கிறேன். சுமைப்பணித் தொழிலாளர்கள் என்னிடம் சிகிச்சைக்கு வருகிறார்கள். கழுத்து, முழங்கால், இடுப்பு என்று எல்லாம் தேய்ந்துபோய், ஆனால் மறுநாள் கூலிக்குப் போயாக வேண்டும் என்று வருவார்கள். அவர்கள் செய்வது உழைப்பு. எவ்வளவு பாரம், எத்தனை தடவை, எப்போது ஓய்வு என்பதில் எதையும் அவர்கள் முடிவு செய்வதில்லை, லாரி முடிவு செய்கிறது. பயிற்சி என்றால் அந்த மூன்றையும் நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

வேர்வை எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது

உங்கள் இரண்டு வருஷம் வீண் இல்லை. ஆறு கிலோ குறைந்தது நிஜம், மூச்சுத் திறன் கூடியிருக்கும், அந்த 6.1 இன்னும் மேலே போகாமல் இருந்ததில் அதற்கும் பங்கு இருக்கலாம். எல்லாவற்றையும்விட, வாரம் ஐந்து நாள் ஒரு இடத்துக்குப் போகும் பழக்கம் வந்துவிட்டது, என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் அந்த இடத்தில்தான் விழுகிறார்கள். ஆனால் நீங்கள் செய்தது உடற்பயிற்சி. பலம் கூட்டும் பயிற்சியை நீங்கள் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. இரண்டும் ஒரே கட்டடத்தில், ஒரே கருவிகளை வைத்து நடப்பதால் ஒன்றென்று தோன்றுகிறது.

வேர்வை என்பது உடம்பு சூட்டைத் தணித்துக்கொள்வது. நம் ஊர் புழுக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலே வரும். மறுநாள் உடம்பு வலி என்பது தசைக்குப் பழக்கமில்லாத வேலை கொடுத்ததைக் காட்டும், அவ்வளவுதான். தினமும் பயிற்சியை மாற்றினால் தினமும் பழக்கமில்லாத வேலை, அதனால் தினமும் வலி, அதனால் 'நல்லா வேலை செஞ்சிருக்கு' என்று ஒரு திருப்தி. திங்கட்கிழமை ஆறாம் வகுப்புக் கணக்கு, செவ்வாய்க்கிழமை பத்தாம் வகுப்பு அறிவியல், புதன்கிழமை இன்னொரு வகுப்பு இலக்கணம் என்று ஒரு மாணவன் படித்தால் மண்டை சூடாகும், தூக்கம் வரும், பரீட்சையில் தேற மாட்டான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பலம் வரும் வழி வேறு. ஒரே அசைவை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை திரும்பத் திரும்பச் செய்யும்போது, முதல் சில வாரங்களில் தசை பெரிதாக வளர்வதில்லை, நரம்புகள்தான் கற்றுக்கொள்கின்றன. அதே தொடைத் தசையில் முன்பைவிட அதிக நார்களை ஒரே நேரத்தில் வேலைக்கு இழுக்கவும், எது இறுக வேண்டும் எது விட்டுக்கொடுக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தவும் பழகுகின்றன. அதற்குப் பிறகுதான் தசை தடிக்கிறது, எலும்பும் தசைநாணும் இன்னும் மெதுவாகப் பின்னால் வருகின்றன. அசைவை வாராவாரம் மாற்றினால் கற்றுக்கொள்ள நேரமே கிடைக்காது. 'உடம்புக்குப் பழகிவிடக் கூடாது' என்று உங்கள் பயிற்சியாளர் சொல்வதில் பாதி சரி. அசைவு பழக வேண்டும், எடைதான் பழகிவிடக் கூடாது. பழகியதும் இரண்டரை கிலோ கூட்ட வேண்டும்.

இது சினிமா நடிகர்களுக்காக வந்த விஷயமும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் அடிபட்டு வந்த சிப்பாய்களுக்குத் தொடைத் தசை கரைந்துபோய் மாதக்கணக்கில் தேறாமல் கிடந்தபோது, தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், அதுவரை வழக்கத்தில் இருந்த 'லேசான எடை, நிறைய தடவை' முறையை விட்டுவிட்டு, கனமான எடையைக் கொஞ்ச தடவை கொடுத்து, தேறத் தேற எடையைக் கூட்டிப் பார்த்தார். 1945-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். நாங்கள் இன்றைக்கும் முழங்கால் அறுவை முடிந்தவர்களுக்குச் செய்வது அதன் வழிவந்ததுதான். 1990-ல் பாஸ்டனில் 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேருக்கு, முதியோர் இல்லத்திலேயே வைத்து, எட்டு வாரம் இப்படிப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியை முடித்தவர்களுடைய கால் பலம் சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. நீங்கள் 44-ல் வயதாகிவிட்டதா என்று கேட்கிறீர்கள்!

அந்த எம்ஆர்ஐ அறிக்கை

இதில்தான் நீங்கள் அதிகம் பயந்திருக்கிறீர்கள். இடுப்பு வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், அவர்களிலும் சுமார் பாதிப்பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருக்கும். முடி நரைக்கிற மாதிரி இதுவும் வயதோடு வருவது. உங்கள் பிதுக்கம் அந்த மழை நாளுக்கு முன்பே இருந்திருக்கலாம். 'லேசாக' என்று எழுதியிருக்கும் அறிக்கையை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க எடை தூக்காமல் இருந்தால், முதுகைத் தாங்கும் தசை இன்னும் தளர்ந்து, அடுத்த தடவை மூட்டை வேண்டாம், தண்ணிக் குடம் போதும் பிடித்துக்கொள்ள. பெல்ட் கட்டிக்கொண்டே திரிவதும் அதே கதைதான், கடும் வலி இருக்கும் சில நாட்களோடு அதை நிறுத்திவிடுங்கள்.

ஆனால் சில அறிகுறிகள் இருந்தால் நான் சொல்வது எதையும் தொடங்கக் கூடாது. வலி முழங்காலுக்குக் கீழே இறங்கிப் பாதம் மரத்துப்போவது, கட்டைவிரலைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவுவது, வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை இறங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, உட்காரும் இடத்தில் உணர்ச்சி இல்லாமல் போனாலோ அன்றைக்கே, ராத்திரியானாலும், தஞ்சாவூரோ திருவாரூரோ எந்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கமோ அங்கே போய்விடுங்கள், காலையில் பார்க்கலாம் என்று விடக் கூடாது. உங்கள் கடிதத்தின்படி ஐந்து வாரம் ஆகிவிட்டது, குனிந்து செருப்பு மாட்டும்போது மட்டும் லேசாக இழுக்கிறது. அது தொடங்கக்கூடிய நிலைதான். இருந்தாலும் பக்கத்தில் இருக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை நேரில் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.

ரத்த அழுத்தம் 138/88 எடை தூக்கத் தடை இல்லை, ஆனால் மூச்சை அடக்கிக்கொண்டு முக்கக் கூடாது. தூக்கும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். என்றைக்காவது 180/110-ஐத் தொட்டால் அன்று எடையைத் தொடாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை 6.1 என்பது வாசற்படியில் நிற்பது மாதிரியான நிலை, எடைப் பயிற்சிக்கு அது இன்னொரு காரணமே தவிர தடை இல்லை. சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வது தசைதான்.

இனி என்ன செய்யலாம்

வழி மூன்று இருக்கிறது. ஜிம்மை விட்டு நடக்க மட்டும் செய்யலாம். இதயத்துக்கு நல்லது, மூட்டைக்கு உதவாது. இப்போது போலவே தொடரலாம். உடம்பு இளைத்திருக்கும், அடுத்த ஐப்பசியில் இதே கடிதம் வரும். மூன்றாவது, அதே ஜிம், அதே நேரம், ஆனால் ஒரு குறியோடு போவது. உங்கள் மனைவி சொல்வதையும் விட வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. எடைக்கு மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற நாட்களில் இரண்டு பேருமாக வாய்க்கால் கரையில் வேகமாக நடங்கள்.

குறியைத் தேதியோடு எழுதுங்கள். உங்களுக்கு நான் வைக்கும் குறி இது: தை மாதம் சம்பா அறுவடைக்குள், இன்னொருவர் ஒரு முனையைப் பிடிக்க, நாற்பது கிலோ மூட்டை இருபதை இடுப்பு வலியில்லாமல் டிரெய்லரில் ஏற்ற வேண்டும். அடுத்த குறுவைக்குள் அவசரத்துக்கு ஒன்றிரண்டைத் தனியாகத் தூக்க முடிய வேண்டும். இப்படி எழுதிவிட்டாலே எந்தப் பயிற்சி வேண்டும், எது வேண்டாம் என்பது தானாக விழுந்துவிடும்.

தரையிலிருந்து எடுக்க டெட்லிஃப்ட், முழங்காலை மடக்கி எழ ஸ்குவாட் (நம் பஸ்கியேதான், நெஞ்சோடு ஒரு டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு), உடம்போடு அணைத்துப் பிடிக்க ரோயிங் (எடையை உடம்பை நோக்கி இழுப்பது), மேலே ஏற்றத் தோளுக்கு மேல் தள்ளுவது, இரண்டு கையிலும் டம்பெல்லோடு நடப்பது. இந்த ஐந்து போதும். ஒவ்வொன்றும் ஐந்து முதல் எட்டு தடவை, மூன்று செட், நடுவில் இரண்டு மூன்று நிமிடம் நிஜமாகவே உட்கார்ந்திருங்கள். அந்த ஓய்வு உங்களுக்குச் சோம்பல் மாதிரி தோன்றும், ஜிம்மில் யாராவது ஒரு மாதிரி பார்க்கவும் செய்வார்கள், பார்க்கட்டும். ஒவ்வொரு செட்டையும் 'இன்னும் இரண்டு தடவை முடியும்' என்ற இடத்தில் நிறுத்துங்கள்.

டெட்லிஃப்டை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்களுக்கு இடுப்பு பிடித்தது இந்த அசைவில்தான். ராடைத் தரையில் வைக்காதீர்கள், கட்டை போட்டு முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி உயர்த்துங்கள். ராடோடு சேர்த்து 20 கிலோவில் ஆரம்பிக்கலாம். நம் ஊர் ஜிம்களில் ராடு ஏழெட்டு கிலோவிலிருந்து இருபது வரை இருக்கும், நிறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நடுப்பாதத்துக்கு நேர் மேலே ராடு இருக்க வேண்டும். பிருஷ்டத்தைப் பின்னால் தள்ளிக் குனியுங்கள், பின்தொடை இழுபடுவது தெரியும், தெரியாவிட்டால் நீங்கள் முதுகை வளைத்துக் குனிகிறீர்கள் என்று அர்த்தம். பாதத்தால் தரையை அழுத்தி எழுந்திருங்கள், ராடு தொடையை உரசிக்கொண்டே வரட்டும். உடம்பிலிருந்து ஒரு சாண் விலகினாலும் இடுப்புக்குப் பாரம் வெகுவாகக் கூடும், மூட்டை விஷயத்தில் நடந்ததும் இதுதான், சாக்கு அழுக்காக இருந்ததால் சட்டையில் படாமல் தள்ளிப் பிடித்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வாரம் இரண்டரை கிலோ கூட்டினால் பன்னிரண்டு வாரத்தில் ஐம்பதில் நிற்பீர்கள். நடுவில் கட்டையின் உயரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஒரே எடையில் மூன்று முறை சிக்கினால் பத்து சதவீதம் இறக்கி மறுபடி ஏறுங்கள்.

இரண்டாவது மாதத்திலிருந்து வாரம் ஒருமுறை வீட்டில் நிஜ மூட்டை. கடையில் வாங்கும் 26 கிலோ அரிசி மூட்டையையே முதலில் மேசை உயரத்திலிருந்து, பிறகு நாற்காலி உயரத்திலிருந்து, கடைசியில் தரையிலிருந்து எடுத்துப் பழகுங்கள். இரும்பு ராடு ஆடாது, நெல் ஓடும், அதைக் கையும் இடுப்பும் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி எல்லாவற்றையும் எழுதுங்கள். தேதி, பயிற்சி, எடை, எத்தனை தடவை, மறுநாள் காலை இடுப்பு எப்படி. நோட்டு இல்லாவிட்டால் போன வாரத்தைவிடக் கூடியதா என்று தெரியாது, தெரியாவிட்டால் மறுபடி வேர்வையைத்தான் அளவாக வைப்பீர்கள்.

பயிற்சியாளரோடு சண்டை வேண்டாம். நோட்டைக் காட்டி, 'எனக்கு இந்த ஐந்துதான் மூன்று மாதத்துக்கு, நான் குனியும்போது முதுகை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். சந்தா கட்டியிருக்கிறீர்கள், உங்கள் உடம்புக்கு என்ன வேண்டும் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மறுத்தால் அடுத்த சந்தாவை வேறு இடத்தில் கட்டுங்கள்.

ஊசியும் சாப்பாடும்

அந்த நண்பர் சொல்லும் ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டாகத்தான் இருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து அது. உடம்பு தானாகச் சுரக்கும் ஆண் ஹார்மோனை நிறுத்திவிடும், விந்தணு குறையும், ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் ஏறும், இதயத் தசை தடிக்கும். ஏற்கெனவே 138/88-ல் இருக்கும் நீங்கள் அதன் பக்கமே போகாதீர்கள். அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

சாப்பாட்டில் உங்கள் குறை தெளிவாகத் தெரிகிறது, காலையில் இட்லி சட்னி, மத்தியானம் சாதம் ரசம், ராத்திரி தோசை, முட்டையும் மீனும் ஞாயிற்றுக்கிழமை மட்டும். எடைப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் நல்லது, உங்களுக்கு நாளைக்கு 86 கிராமுக்குக் குறையாமல். முட்டை ஒன்றில் ஆறு கிராம், நூறு கிராம் மீனில் சுமார் இருபது, ஒரு டம்ளர் பாலில் ஆறு. தினம் மூன்று முட்டை, சாம்பாரைத் தெளிவாக ஊற்றிக்கொள்ளாமல் அடியில் இருக்கும் பருப்போடு, சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல், வாரம் மூன்று நாள் மீன் என்று வந்தால் பெரும்பகுதி கிடைத்துவிடும். பவுடர் விஷமும் இல்லை, அவசியமும் இல்லை. வாங்கினால் டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. நீங்கள் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து நாளாகியிருந்தால் அடுத்த சர்க்கரைப் பரிசோதனையோடு அதையும் பார்த்துவிடுங்கள்.

கடைசிக் கேள்வி, பதினைந்து வயது மகன் உங்களோடு வர ஆசைப்படுகிறான், எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்று பாட்டி தடுக்கிறார். நிற்காது. ஒழுங்காகக் கற்றுக்கொடுத்து, பக்கத்தில் ஆள் நின்று செய்யவைத்தால் அந்த வயதில் எடைப் பயிற்சி பாதுகாப்பானதுதான். யார் அதிகம் தூக்குவது என்று நண்பர்களோடு போட்டி போடும்போதுதான் அடிபடுகிறது. அவனுக்கு முதல் இரண்டு மாதம் வெறும் ராடு, தண்டால், பஸ்கி போதும். அவன் பெயரிலும் ஒரு நோட்டு போட்டுக் கூட்டிப் போங்கள், பாட்டியிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.